சவ்வு கரையும் நேரம்

மாட்டின் விலாப் பகுதியை எலும்போடு ஒரே பாளமாக ஓவனில் வைத்துச் சுடும் ‘பிரைம் ரிப்’, பல அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் விருந்து. மூன்று கிலோ பாளத்தை மிதமான சூட்டில் வைத்தால் மூன்று மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும். விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் தீபாவளியன்று அடுப்பேறும் ஆட்டு உப்புக்கறிக்கும், குக்கரைத் தொடாமல் சட்டியிலேயே வைப்பதானால், ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். பண்டிகைக் கறி என்றால் எந்த ஊரிலும் காத்திருக்கத்தான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் அவர்கள் காத்திருப்பது ஒன்றுக்காக, நாம் காத்திருப்பது வேறொன்றுக்காக. அந்த வித்தியாசம் பிடிபட்டால் கறி வேகும் அறிவியலில் முக்கால்வாசி பிடிபட்ட மாதிரிதான்.

பெரிய சூடுகளோடு பழகிய ஊர் இது. (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு, இது வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆலங்குளம்.) இங்குள்ள அரசு சிமென்ட் ஆலை போன்ற ஆலைகளின் சூளைகளில் சுண்ணாம்புக்கல் 1,450 டிகிரி செல்சியஸ் வரை வெந்துதான் சிமென்ட் ஆகிறது. சுற்றுவட்டாரப் பட்டாசு ஆலைகளிலிருந்து போகும் கம்பி மத்தாப்பு 1,000 டிகிரிக்கு மேல் எரிகிறது. கறியின் கதையோ 50 டிகிரியில் தொடங்கி 150 டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நூறு டிகிரிக்குள் நடக்கும் மாற்றங்களின் நுட்பம் எனக்குச் சிமென்ட்டைவிடப் பெரிய வியப்பு.

முதலில் அமெரிக்கப் பாளத்தைப் பார்ப்போம். கறியின் எடையில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர். வெளியிலிருந்து வரும் சூடு அந்த ஈரத் தசை வழியாக மிக மெதுவாகத்தான் நடுவுக்குப் போகும். அதில் ஒரு கணக்கு இருக்கிறது: கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு ஆகும், ஐந்து மடங்கானால் இருபத்தைந்து மடங்கு. பதினைந்து சென்டிமீட்டர் கனமுள்ள பாளத்தின் நடுவில் சூடு ஏற மணிக்கணக்கு ஆவதும், மூன்று சென்டிமீட்டர் துண்டில் சில நிமிடங்களில் ஏறிவிடுவதும் இதனால்தான். பிரைம் ரிப் வைப்பவர் நடுப்பகுதி சுமார் 54 டிகிரிக்கு வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார். வந்த உடனே, அல்லது சற்று முன்பே, வெளியே எடுத்துவிடுவார். மேற்பரப்பில் தேங்கிய சூடு எடுத்த பிறகும் உள்ளே நகர்ந்து, நடுவை இன்னும் சில டிகிரி ஏற்றிவிடும்.

உப்புக்கறித் துண்டின் நடுவில் சூடு ஏறுவது கொதி வந்த கொஞ்ச நேரத்திலேயே முடிந்துபோகிறது. அப்படியானால் மிச்ச ஒன்றேகால் மணி நேரம் எதற்கு?

விடை ஆட்டின் நடையில் இருக்கிறது. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையின் நாட்டு வெள்ளாடு கன்னி ஆடு: கறுத்த உடல், முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. கரிசல் காட்டில் நாளெல்லாம் நடந்து மேய்கிற ஆடு. உழைக்கும் தசையைக் கட்டிப்பிடித்து வைக்க உறுதியான சவ்வு வேண்டும். அந்தச் சவ்வு கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறுதான் அதன் வடிவம். வயது ஏற ஏற கயிற்றுக்கும் கயிற்றுக்கும் இடையே முடிச்சுகள் கூடும். முற்றின கிடா எவ்வளவு வெந்தும் இழுவையாக இருப்பதற்கு அதுவே காரணம். பிரைம் ரிப் வெட்டப்படும் ஆறாவது முதல் பன்னிரண்டாவது விலா வரையான இடத்தில், முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைக்கு அவ்வளவு வேலை கிடையாது, சவ்வும் குறைவு. நம் கறிக்கடையில் சாப்ஸ் என்று கேட்டு வாங்குவது ஆட்டில் ஏறக்குறைய அதே இடம். “அண்ணே, தொடையில கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம் கலந்து போடுங்க” என்று கேட்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, கொலாஜன் கேட்டு வாங்குகிறார்.

சூடு படும்போது கறிக்குள் இரண்டு விதப் புரதங்கள் எதிரெதிராக இழுக்கின்றன. தசைநார்ப் புரதங்கள் 50 டிகிரியில் இறுகத் தொடங்கி, 70க்குள் நன்றாகச் சுருங்கி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கொலாஜனும் 60ஐத் தாண்டும்போது முதலில் சுருங்கவே செய்யும். கறி விறைப்பாகவும் வறண்டும் இருக்கும் கட்டம் இது. அரை மணி நேரத்தில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு ‘ஆடு சரியில்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். 80 டிகிரிக்கு மேல், தண்ணீரும் நேரமும் இருந்தால், அந்தக் கயிறு மெல்ல முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரையும். தசைநார்கள் வறண்டே இருந்தாலும் அவற்றுக்கு நடுவில் இந்தக் கொழகொழப்பு புகுந்துவிடும். விரலும் உதடும் ஒட்டுகிறதே, அதுதான் கரைந்த சவ்வு. பிரைம் ரிப்பைக் கெடுக்கும் அதே சூடு தொடைக்கறியை மீட்டெடுக்கிறது.

நிறத்துக்கும் இதே கதைதான். தசையின் சிவப்பு ரத்தம் அல்ல, மயோகுளோபின் என்ற இரும்புப் புரதம். 60 டிகிரி வரை அது சிவப்பை விடாது. மேலே போனால் பழுப்பாகும். இதில் பட்டாசு ஊருக்கு நெருக்கமான ஒரு விஷயம் உண்டு. கருமருந்துக்கு உயிர் கொடுக்கும் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் கறியை உப்புக்கண்டம் போடவும் பயன்பட்டது. அப்படிப் போட்ட கறி வெந்த பிறகும் சிவப்பாகவே இருக்கும். பிரிட்டிஷ் உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன் 1901இல் காரணத்தை விளக்கினார்: நைட்ரேட் படிப்படியாக நைட்ரிக் ஆக்சைடாக மாறி, கறியின் நிறமியோடு பிணைந்து, சிவப்பை நிலைநிறுத்துகிறது. (ஆலைக்கு வரும் வெடியுப்பு சாப்பிடத் தகுந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

உப்புக்கறியில் போடுவது சாப்பாட்டு உப்புதான். நல்லெண்ணெய், விதை நீக்கிக் கிள்ளிப் போட்ட காய்ந்த மிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், உப்பு, கறி. மசாலாப் பொடி இல்லாமல் அவ்வளவு மணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கடைசிக் கால் மணி நேரம் பதில் சொல்கிறது. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை, அடியில் எவ்வளவு தீ எரித்தாலும், சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் எண்ணெய் பிரிந்து மேலே வரும், ‘களபுள’ சத்தம் ‘சொய்’யென்று மாறும். சூடு 140ஐத் தொடும். அப்போது கறியின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான புது மணங்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912இல் விவரித்த வினை இது. சின்ன வெங்காயம் அதற்குச் சர்க்கரை தருகிறது. ஆடும் தருகிறது: துள்ளி ஓட அதற்குச் சக்தி கொடுத்த ஏ.டி.பி. என்ற மூலக்கூறு, உயிர் போன பிறகு சிதைந்து, ரைபோஸ் என்ற சர்க்கரையை விட்டுவைக்கிறது. கறி மணத்துக்கு அதைப் போல வேலை செய்யும் சர்க்கரை குறைவு.

பிரைம் ரிப்பில் மேற்பரப்பு உலர்ந்திருப்பதால், கடைசியில் ஓவனை 250 டிகிரிக்கு ஏற்றினால் பத்து நிமிடத்தில் பொன்னிறமாகும். ஆனால் அந்த மணம் வெளித்தோலில் மட்டும். நம் துண்டு சின்னது. எல்லாப் பக்கமும் மேற்பரப்புதான். அதனால் வாய்க்கு வாய் அந்த மணம் கிடைக்கிறது.

குக்கரில் சூடு சுமார் 120 டிகிரி வரை போவதால் சவ்வு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கரைந்துவிடும். வேலைக்குப் போகிற வீட்டில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த நிறமும் மணமும் முழுதாக வராது. விசில் அடங்கியதும் இரும்புச் சட்டிக்கு மாற்றி, தண்ணீர் வற்றச் சுருள வதக்குவது கட்டாயம். இடையில் அடிப்பிடிக்கப் பார்த்தால் கையளவு தண்ணீர் தெளிக்கலாம். அடியில் ஒட்டிய பழுப்பு கரைந்து கறிமேல் ஏறும், மறுபடி வற்றும், மறுபடி நிறம் கூடும்.

கறியை எடுத்த பிறகும் சட்டியின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அமெரிக்கச் சமையலறையில் அதில் சாறு ஊற்றிச் சுரண்டி கிரேவி ஆக்குகிறார்கள். இங்கே சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டுகிறார்கள். சோற்றின் ஈரம் பழுப்பைக் கரைக்கிறது, கஞ்சிப் பசை அதைப் பிடித்துக்கொள்கிறது, மிளகாயின் காரம் எண்ணெயோடு பருக்கைக்குப் பருக்கை போய்ச் சேர்கிறது. அந்தச் சட்டிச் சோற்றுக்கு வீட்டில் எப்போதும் போட்டி இருக்கும்; சோற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே வடித்து வையுங்கள்.