கியர் விழுது, படகு நகரல

போன எபிசோடில் பாய்மரப் படகு பற்றிப் பேசினதும் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "காத்துல போற படகுக்கு எஞ்சின் எதுக்கு ப்ரோ? அதுக்கு கியர்பாக்ஸ் வேற எதுக்கு?"

நியாயமான கேள்வி. நான் திருக்கோவிலூர்க்காரன். எங்க ஊர் தென்பெண்ணையில் வருஷத்தில் பல மாசம் மணல்தான் தெரியும். ஆனா அதே ஆறு கீழே போய் கடலூர் தாழங்குடா பக்கம் கடலில் சேருது. என் காலேஜ் ரூம்மேட்டின் அப்பா கடலூர் முதுநகரில் விசைப்படகு வெச்சிருக்கார். படகு கியர்பாக்ஸ் பற்றி நான் கத்துக்கிட்டது அவர் படகு நடுக்கடலில் நின்னதால்தான்.

முதலில் கேள்விக்கு வர்றேன். 1911-ல் தொடங்கின ராயல் மெட்ராஸ் யாட் கிளப் மாதிரி இடங்களில் பிள்ளைங்க ஓட்டிப் பழகுற சின்னப் படகுக்கு எஞ்சின் தேவையில்லை. உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் வெச்ச பத்து மீட்டர் படகு வேற கதை. காத்தே இல்லாத நாளில் நகரணும், குறுகலான துறைமுகத்துக்குள் நுழையணும், இன்னொரு படகை இடிக்காம நிக்கணும். படகுக்கு பிரேக் கிடையாது. ரிவர்ஸ்தான் பிரேக்.

அந்த ரிவர்ஸைக் கொடுக்கிறது கியர்பாக்ஸ். கார் மாதிரி அஞ்சு கியர் எல்லாம் இல்லை. முன்னே, நியூட்ரல், பின்னே, அவ்வளவுதான். கூடவே வேகத்தையும் குறைக்கும். பெரிய புரொப்பெல்லர் மெதுவா சுத்தினாத்தான் தண்ணியை நல்லா தள்ளும். எஞ்சின் வேகத்திலேயே சுத்தினா நுரை கிளப்பும், தள்ளாது. அதனால் எஞ்சின் ரெண்டு, மூணு சுத்து சுத்தும்போது ஷாஃப்ட் ஒரு சுத்து.

மூணாவது வேலைதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. புரொப்பெல்லர் தண்ணியைப் பின்னால் தள்ளுது, சரி. படகை முன்னால் தள்ளுறது யார்? அந்த விசை ஷாஃப்ட் வழியா வந்து, பெரும்பாலான படகுகளில் கியர்பாக்ஸுக்குள் இருக்கிற ஒரு பேரிங்கில்தான் முட்டும். அங்கிருந்து மவுன்ட் வழியா படகின் உடம்புக்குப் போகும். மொத்தப் படகையும் தள்ளுறது அந்தப் பேரிங்தான்னு சொல்லலாம்.

இப்ப கதைக்கு வர்றேன். நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்னாடி 45 நாள். விசைப்படகுக்காரங்க பெரிய ரிப்பேர் எல்லாத்தையும் அந்த நாட்களில்தான் முடிப்பாங்க. அப்பாவின் படகில் கியர் வழுக்க ஆரம்பிச்சிருந்தது, அதாவது எஞ்சின் கத்துற அளவுக்கு வேகம் இல்லை. ஒரு பட்டறையில் கொடுத்து கிளட்ச் பிளேட், பேரிங், சீல் எல்லாம் மாற்றினார். கடன் வாங்கித்தான். ஜூன் 15 கடலுக்குப் போனார். ரெண்டு வாரம்கூட ஆகலை. லிவரைத் தள்ளினா கியர் விழுது, எஞ்சின் உறுமுது, படகு நகரல. இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. டீசல், ஐஸ், ஆட்கள் கூலி எல்லாம் போச்சு, சீசனின் முதல் வாரங்களும் போச்சு.

பாய்மரப் படகா இருந்தா பாயை ஏத்தி வீட்டுக்கு வந்திருக்கலாம். விசைப்படகுக்கு அந்த வசதி இல்லை.

நாங்க போனப்போ எல்லாருக்கும் பட்டறைக்காரர் மேல கோபம். வந்த மெக்கானிக் அண்ணன் எதையும் கழற்றலை. "தம்பி, ஷாஃப்ட் சுத்துதான்னு பாருங்க" என்றார். நாங்க டீபக் பண்ற அதே முறைதான். ஷாஃப்ட் சுத்தியும் படகு நகரலைன்னா கோளாறு வெளியே, புரொப்பெல்லரில். சுத்தலைன்னா கேபிளைக் கழற்றிட்டு, கியர்பாக்ஸ் மேல இருக்கிற லிவரைக் கையாலேயே முழுசா தள்ளிப் பார்க்கணும். இப்ப பிடிச்சா கேபிள்தான் பிரச்சினை. அதுவும் இல்லைன்னா எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஸ்பிரிங் வெச்ச ஒரு தட்டு இருக்கு, டேம்பர் பிளேட். அது உடைஞ்சாலும் இதே அறிகுறிதான். இது தெரியாம நல்ல கியர்பாக்ஸைத் தூக்கி எறியறவங்க உண்டு.

கடைசியா டிப்ஸ்டிக்கை இழுத்தார். ஆயில் டீக்கடை டீ நிறத்தில் இருந்தது. தண்ணி கலந்தாத்தான் அப்படி ஆகும். அந்தப் படகில் கியர் ஆயிலைக் குளிர வைக்க, உள்ளே கடல் தண்ணி ஓடுற ஒரு கூலர். அதன் குழாயை உப்பு அரிச்சு ஓட்டை. முதல் தடவை கிளட்ச் வழுக்கினதும் அதனால்தான் இருக்கணும். புது பார்ட்ஸ் போட்டவங்க பழைய கூலரையே திரும்ப மாட்டிட்டாங்க. தப்பு பட்டறையோடதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். கூலரையும் பாருங்கன்னு எங்க யாருக்கும் சொல்லத் தோணலையே.

ரெண்டாவது தடவை கியர்பாக்ஸையே மாற்ற வேண்டியதாயிற்று. கப்ளிங் போல்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளணும். அதுக்கு முன்னாடி அதைக் கட்டி வைக்கணும். வழுக்கி வெளியே போயிட்டா அந்த ஓட்டை வழியா கடல் உள்ளே வரும். பாய்மரப் படகில் கியர்பாக்ஸை ஒரு ஆளே தூக்கலாம், ஆனா பல மாடல்களில் எஞ்சினின் பின்பக்கத்தைத் தாங்குற மவுன்ட் அந்தப் பக்கமே இருக்கும், அதனால் எஞ்சினுக்கு முதலில் முட்டுக் கொடுக்கணும். இங்கே செயின் பிளாக் போட்டுத் தூக்கினோம். புதுசின் ரேஷியோ பழசோடதாவே இருக்கணும். இல்லைன்னா பழைய புரொப்பெல்லரோட ஒத்துப்போகாது: எஞ்சின் மூச்சுத் திணறிக் கரும்புகை விடும், இல்லை சும்மா வேகமா சுத்தும்.

கடைசி வேலை அலைன்மென்ட். கப்ளிங்கின் ரெண்டு முகத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டுச் சுத்திலும் அளக்கணும். நாலு அங்குல கப்ளிங்குன்னா இடைவெளி வித்தியாசம் நாலு தௌ, அதாவது 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கணும். இதைக் கரையில் வெச்சு முடிக்கக் கூடாது. தண்ணியில் இறங்கினதும் படகின் உடம்பு லேசா வளையும். மிதக்க விட்டு, மறுநாள்தான் அளந்தார் அண்ணன். அப்பாவுக்கு அந்த ஒரு நாளும் பொறுக்கலை, பாவம்.

பழைய கூலரைக் காத்து அடிச்சு பக்கெட் தண்ணியில் முக்கினோம், ரெண்டு இடத்தில் குமிழி. புது கூலரின் விலை கியர்பாக்ஸ் விலையில் சின்னப் பங்குதான்.

இப்ப அப்பா வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைச்சு எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புறார். நேற்று வந்தது தேன் நிறத்தில் இருந்தது.