லயத்திலிருந்து சத்திரசிகிச்சைக் கூடம் வரை: ஊவாத் தோட்டங்களும் கண்ணொளி மீட்கும் திருச்சபைப் பணியும்

ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில் அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம் பார்வையைப் பற்றி விசாரித்தால், "வயசாயிருச்சு, கண்ணு மங்கிப்போச்சு" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். தலை நரைப்பது போலக் கண் மங்குவதும் முதுமையின் இயல்பு என்று மக்கள் ஏற்றுக்கொண்டு விடுகின்றனர். ஆனால் இம்மங்கலின் பெரும்பகுதி நீக்கக்கூடியதாகும். 2013-2014 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய பார்வையிழப்பு ஆய்வின்படி, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுள் பார்வையிழந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் காரணமாக அமைந்தது கண்புரையே. அரை மணி நேரத்துக்கும் குறைவான ஒரு சத்திரசிகிச்சையால் இது தீரும். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமும் இல்லை. அவ்வாறிருந்தும் தோட்டத்து முதியவர் ஏன் ஆண்டுக்கணக்கில் லயத்தின் வாசலிலேயே இருந்துவிடுகிறார் என்பதுதான் கேள்வி. கண் மருத்துவத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஈடுபட்டுவந்துள்ள கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களின் அனுபவம் இக்கேள்விக்குச் சில தெளிவான விடைகளைத் தருகின்றது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கண்மணிக்குப் பின்னால், ஒளியைக் குவித்து விழித்திரையில் விழச்செய்யும் தெளிவான வில்லை ஒன்று உண்டு. வயது ஏற ஏற அதிலுள்ள புரதங்கள் திரண்டு வில்லை மங்கலாகின்றது. இதுவே கண்புரை. 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று நம்மவர் கூறுவது பெரும்பாலும் கண்ணின் முன்புறமுள்ள கருவிழிப்படலத்தில் ஏற்படும் தழும்பையாகும். புரையோ உள்ளே இருப்பது. ஆகவே எந்தச் சொட்டு மருந்தும் அதைக் கரைக்காது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய கண்தானச் சங்கத்தால் உலகெங்கும் அறியப்பட்ட நாடு இலங்கை. எனவே கண் சத்திரசிகிச்சை என்றதும் இறந்தவரின் கண்ணை எடுத்து வைப்பார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பே. தானமாகப் பெறப்படுவது கருவிழிப்படலமாகும். புரை சத்திரசிகிச்சையில் வைக்கப்படுவது செயற்கை வில்லை. அதற்கு எவருடைய கண்ணும் தேவைப்படுவதில்லை.

முதுமைக்கு அடுத்தபடியாக நீரிழிவு, புகைத்தல், கடும் வெயில் ஆகியனவும் புரையை விரைவுபடுத்துகின்றன. விறகடுப்பின் புகைக்கும் புரைக்கும் தொடர்புண்டென்பதை ஆய்வுகள் சுட்டியுள்ளன. பகலெல்லாம் திறந்த மலைச்சரிவில் கொழுந்தெடுத்து, மாலையில் காற்றோட்டமற்ற லயக் காம்பிராவில் விறகெரித்துச் சமைக்கும் பெண்ணின் வாழ்க்கையை இதனோடு பொருத்திப் பார்ப்பது கடினமன்று.

புரையை அகற்றும் முயற்சி மிகப் பழையது. மங்கிய வில்லையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே ஒருபுறம் தள்ளிவிடும் முறை சுசுருதரின் நூலில் கூறப்பட்டுள்ளது. வில்லையைக் கீறி வெளியே எடுக்கும் முறையை 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஜாக் டாவியேல் ஏற்படுத்தினார். லூதரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவரான தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்துக் கண் நோயாளர் குறிப்பேடுகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. ஆனால் வில்லையை எடுத்துவிட்டால் கண்ணுக்குள் ஒளியைக் குவிக்க எதுவும் இருக்காது. ஆகவே சோடாப் போத்தலின் அடிப்பாகம் போன்ற கனமான கண்ணாடியை ஆயுள் முழுவதும் அணிய வேண்டியிருந்தது. கண்ணாடி உடைந்தால் மீண்டும் குருடு. 1949 நவம்பரில் லண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் ரிட்லி முதன்முறையாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். எனினும் அது ஏழைகளை வந்தடைய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் 1992 இல் தொடங்கிய அரோலாப், நூறு டொலர் அளவில் விற்ற வில்லையைப் பத்து டொலர் அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே அது சாத்தியமாயிற்று.

கிறிஸ்தவத் தொண்டர்கள் இத்துறைக்கு வந்தது இதற்கு வெகுகாலம் முன்பாகும். ஜேர்மனிய போதகர் ஏர்ன்ஸ்ட் கிறிஸ்தோபல் 1908 இல் துருக்கியின் மலாத்தியாவில் பார்வையற்றோருக்கும் அநாதைகளுக்கும் ஓர் இல்லம் திறந்தார். இன்று பல நாடுகளில் கண் சிகிச்சைக்கு உதவிவரும் கிறிஸ்தோபல் பார்வையற்றோர் மிஷனின் தொடக்கம் அதுவே. தமிழ் மண்ணில் வைத்தியர் ஜோசப் ஞானாதிக்கம் 1934 இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய கண் மருத்துவமனை, பின்னர் தமிழ் சுவிசேஷ லூதரன் திருச்சபையின் பணியாக வளர்ந்தது. 1947 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்கு வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் விக்டர் ராம்போ, நோயாளி வரும்வரை காத்திராமல் கருவிகளையும் தாதியரையும் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்கே சென்றார். பள்ளிக்கூட அறைகளே சத்திரசிகிச்சைக் கூடங்களாயின. சத்திரசிகிச்சை முடிந்தவர்கள் கண் கட்டப்பட்ட நிலையில், தலையை அசைக்காமல், அதே பள்ளியின் தரையில் சில நாட்கள் படுத்திருந்தனர். உறவினர் உடனிருந்து உணவூட்டினர்.

இம்முறையை இன்று எவரும் பின்பற்றுவதில்லை. பின்பற்றவும் கூடாது. வில்லை பொருத்துவதற்கு நுணுக்குக்காட்டி வேண்டும். கண்ணின் நீளத்தை அளந்து வில்லையின் வலுவைத் தீர்மானிக்கும் கருவி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிருமி நீக்கிய கூடம் வேண்டும். எனவே கிராமத்தில் நடப்பது பரிசோதனை மட்டும், சத்திரசிகிச்சை வைத்தியசாலையில். சத்திரசிகிச்சை நிபுணர் மலையேறிய காலம் போய், நோயாளி மலையிறங்க வேண்டிய காலம் வந்துள்ளது. தொழில்நுட்பம் முன்னேறியதால் நோயாளி கடக்க வேண்டிய தூரம் கூடிவிட்டது என்பது இதன் விசித்திரமான விளைவு.

இத்தூரம் எவ்வளவு பெரியதென்பதைத் தென்னிந்தியாவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அரவிந்த் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் பங்குகொண்டு 1999 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இலவசக் கண் முகாம் நடந்த கிராமப்புறங்களிலேயே கண் குறைபாடுடையோரில் ஏறத்தாழ 7 சதவீதத்தினர் மட்டுமே முகாமுக்கு வந்தனர் என்று காட்டியது. அதற்கு முன்னர் 1991 இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் பயனுள்ளது. கிராமங்களைப் பிரித்து, சிலவற்றில் அறிவிப்பு மட்டும் செய்தார்கள். சிலவற்றில் வீடு வீடாகச் சென்றார்கள். வேறு சிலவற்றில் ஏற்கனவே புரை அகற்றிப் பார்வை பெற்ற ஒருவரையே அனுப்பி அழைத்தார்கள். அதுபோலச் சில கிராமங்களில் சத்திரசிகிச்சை மட்டும் இலவசம். சிலவற்றில் போக்குவரத்தும் உணவும் சேர்த்து இலவசம். பார்வை பெற்றவரே நேரில் வந்து அழைத்தபோதும், வழிச்செலவு முழுவதும் ஏற்கப்பட்டபோதும் அதிகமானோர் இணங்கினர். ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தை விட, "எனக்குச் செய்தார்கள், பார்" என்று சொல்லும் அயல்வீட்டுக் கிழவியே சிறந்த பிரசாரகர் என்பது இதன் பொருள்.

இனி ஊவாவுக்கு வருவோம். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகையில் ஏறத்தாழ 18 சதவீதத்தினர் இந்திய வம்சாவளித் தமிழர். மடுல்சீமை, லுணுகலை, பசறை, நமுனுகுலை, ஹாலிஎல, பூனாகலை, ஹப்புத்தளை என மலைமடிப்புகளில் சிதறியிருக்கும் தோட்டங்களின் லயங்களிலேயே இவர்களிற் பலர் வாழ்கின்றனர். மாகாணத்தின் பிரதான வைத்தியசாலை பதுளை நகரில் உள்ளது. கண்புரைக்கு ஒரு தடவை சென்று வந்தால் போதாது. முதலில் கிளினிக், பின்னர் இரத்த அழுத்தமும் சீனியும் சோதித்துக் கட்டுப்படுத்தல், வில்லைக்கான அளவெடுப்பு, திகதி, அனுமதி, சத்திரசிகிச்சை, மறுநாட் பரிசோதனை, ஒரு வாரத்தில் மற்றொன்று, ஒரு மாதத்தில் இன்னொன்று என்று பல பயணங்கள் உள்ளன. ஒவ்வொரு முறையும் பாதை தெரியாத முதியவரைக் கைபிடித்துக் கூட்டிச்செல்ல ஒருவர் தேவை. அவர் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். அன்று அவருக்குப் பெயர் விழாது. அரைப்பெயருக்கே மல்லாடும் குடும்பத்தில் ஏழெட்டு நாட் சம்பளத்தை இழப்பதென்பது சிறிய விடயமன்று. கிழவியும் இதை அறிவாள். ஆகவே தனக்குக் கண் தெரியாததைக் குறைத்தே சொல்வாள். முதியோர் சத்திரசிகிச்சைக்கு அஞ்சுகிறார்கள் என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். அச்சமும் உண்டுதான். ஆனால் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாது என்ற எண்ணம் அதைவிடப் பலமானது என்றே தோன்றுகின்றது.

இதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொட்டே தோட்ட மக்களின் சுகாதாரம் நாட்டின் பொதுச் சுகாதார சேவைக்குப் புறம்பானதொரு வழியிற் சென்றது. தோட்டங்கள் 1970களில் தேசியமயமாகி, 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குச் சென்ற போதும், தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி இழுபட்டே வந்துள்ளது. தோட்ட டிஸ்பென்சரி தொழிலாளியையும் தாயையும் குழந்தையையும் கவனிப்பதற்கென அமைந்ததாகும். செக்ரோலில் பெயர் நீங்கிய முதியவர் எவருடைய பொறுப்பு என்பது தெளிவாக வரையறுக்கப்படவேயில்லை. அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசமாயிருந்தும், வில்லையை நோயாளியே வெளியில் வாங்கிவர வேண்டியிருந்த காலமும் நீண்டது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, மருந்துத் தட்டுப்பாட்டோடு அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பலவற்றையும் பின்தள்ளிற்று.

இந்த இடைவெளியில்தான் திருச்சபைகள் செய்யக்கூடிய பணி பெரிதாக இருக்கின்றது. 1854 இல் ஆரம்பிக்கப்பட்ட, இன்று நாம் உச்சரிக்கவே கூசும் பெயரைத் தாங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' காலத்திலிருந்து அவை தோட்டங்களுக்குள் சென்று வருகின்றன. 1972 இல் பதுளை கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயர் பதவியை விட்டு அதன் முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார ஆண்டகை தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் தம் பணியின் மையத்திற் கொண்டவர். பெரிய கண் மருத்துவமனை ஒன்றைக் கட்டும் வல்லமை இன்று ஒரு சிறு சபைக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் எந்த லயத்தில் எந்தக் கிழவி சுவரைத் தடவி நடக்கிறாள் என்பது அங்குள்ள உபதேசியாருக்கும் அருட்சகோதரிக்கும் தெரியும். ஒரு வாகனம், உடன் செல்ல ஒருவர், அன்றைய சம்பளத்துக்கு ஈடு, திரும்பி வந்ததும் நாள்தோறும் சொட்டு மருந்து இடுவதற்கு ஒரு கை என்பனவே தேவை. 1991 ஆய்வு சுட்டிக்காட்டியதும் இவற்றைத்தான்.

தோட்ட மக்களிற் பெரும்பான்மையினர் இந்துக்கள் என்பதையும் இவ்விடத்து மறைக்க வேண்டியதில்லை. 2004 இல் ஜாதிக ஹெல உறுமய பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது எழுந்த சர்ச்சை பலருக்கும் நினைவிருக்கும். அச்சட்டமூலத்தின் பல ஏற்பாடுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. நீதிமன்றத் தீர்ப்பு ஒருபுறமிருக்க, கண் கட்டப்பட்டுக் கட்டிலில் கிடப்பவரிடம் செய்யப்படும் பிரசங்கத்தை அவரால் மறுத்து எழுந்து போக முடியாது என்பதைத் தொண்டர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். நோயாளர் பட்டியலைத் தோட்டத்துக் கோவில் பரிபாலன சபையோடு சேர்ந்தே தயாரிப்பது நல்லது. இது ஐயத்தையும் நீக்கும். கோவிலுக்கு வருபவர்களில் விடுபட்டவர்களையும் சேர்க்கும்.

மொழியும் ஒரு தடையே. யாழ்ப்பாணத்துக்கு 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், தமிழ் மட்டும் தெரிந்த தோட்டத்து முதியவர் கிளினிக்கில் சிங்களத்தில் எழுதிய அட்டையோடும் சைகையோடும் திரும்புவது நடக்கின்றது. கண்ணைத் தேய்க்கக் கூடாது, தலைவழியே நீர் ஊற்றக் கூடாது, வலித்தாலோ சிவந்தாலோ அன்றே வரவேண்டும் என்பவை விளங்கும்படி சொல்லப்படாவிட்டால் நல்ல சத்திரசிகிச்சையும் வீணாகலாம். இருமொழியும் அறிந்த ஒரு துணையாள் அங்கே மருந்துக்குச் சமானமானவர்.

2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலை உட்படச் சில இடங்களில் புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இடப்பட்ட பிரெட்னிசலோன் சொட்டு மருந்து மாசடைந்திருந்ததனால் தொற்று ஏற்பட்டு, சிலர் பார்வையை இழந்தனர். அம்மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் அச்செய்தி மலையகமெங்கும் பரவிற்று. ஒரு லயத்தில் ஒருவரின் கண் கெட்டால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தத் தோட்டத்திலிருந்து எவரும் வரமாட்டார்கள். ஆகவே எத்தனை பேருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது என்று படத்துடன் அறிக்கை வெளியிடும் அமைப்புகளிடம், ஒரு மாதத்தின் பின் அவர்களில் எத்தனை பேரைத் திரும்பப் பார்த்தீர்கள், அவர்களால் எவ்வளவு தூரம் பார்க்க முடிந்தது என்றே கேட்க வேண்டும். 2021 இல் உலக சுகாதாரப் பேரவை 2030 க்கென ஏற்ற இலக்கும் சத்திரசிகிச்சையின் எண்ணிக்கையை மட்டுமன்றி, அதன் பின் கிடைக்கும் பார்வையின் தரத்தையும் சேர்த்தே கணிக்கின்றது.

அத்துடன், ஒரு கண்ணோடு வேலை முடிவதில்லை. மற்றைய கண்ணிலும் பெரும்பாலும் புரை இருக்கும். அரிசியில் கல் பொறுக்கவும் மாத்திரை உறையைப் பார்க்கவும் கிட்டப்பார்வைக் கண்ணாடி தேவைப்படும். சிலருக்குச் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ வில்லைக்குப் பின்னுள்ள மெல்லிய உறை மங்கி, பார்வை மீண்டும் குறையும். புரை திரும்பி வந்துவிட்டது என்று அவர்கள் நம்பிக்கையிழந்து இருந்துவிடுவதுண்டு. அது புரையன்று. வசதியுள்ள கண் வைத்தியப் பிரிவில், சில நிமிடங்களில், கத்தியின்றி லேசர் கதிரால் அதைத் திறந்துவிடலாம். அதற்கும் யாராவது ஒருவர் அவரை மீண்டும் ஒருமுறை கைபிடித்து பஸ் ஏற்றி, மலையிறக்கிக் கூட்டிச்செல்ல வேண்டியிருக்கும்.