விலக்கிவைக்கப்பட்டவர்கள் கொடுத்த புகார்

ஸஹ்ரான் ஹாஷிம் என்ற பெயரை உலகம் கேட்டது 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, அவரும் கூட்டாளிகளும் இலங்கையில் தற்கொலைக் குண்டுகளை வெடித்தபோது. காத்தான்குடிக்காரர்கள் அதற்கு இரண்டு வருடம் முன்பே அந்தப் பெயரைப் பொலிஸில் சொல்லிவிட்டார்கள். 2017 மார்ச் 10ஆம் தேதி அலியார் சந்தியில் ஸஹ்ரானின் ஆட்கள் வாளோடு வந்து மோதியது வேற்று மதத்தாரோடு இல்லை. அதே ஊர், அதே தமிழ், அதே கலிமா; எதிரே நின்றவர்கள் ஸூஃபி வழி முஸ்லிம்கள். அடிபட்டவர்கள் பிறகு வீதிக்கு வந்து அவரைக் கைதுசெய்யச் சொல்லி ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். அந்தக் குரல் ஏன் ஊரைத் தாண்டிப் போகவில்லை என்று தேடினால், கதை நாற்பது வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது.

காத்தான்குடி மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஊர். சில சதுரக் கிலோமீற்றருக்குள் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் முஸ்லிம்கள். இன்று கல்முனை வீதி வழியாகப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது வீதி நடுவில் வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்கள். அவை இந்த மண்ணில் தானாக முளைத்தவை அல்ல. அரபு நாட்டுச் சாயல் வேண்டுமென்று அரசியல்வாதிகள் நட்டவை. நல்ல மழைக்காலத்தில் அவற்றைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

ஓரிரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கரையில் மார்க்கம் வீட்டுக்குள் வந்தது பெரும்பாலும் தரீக்காக்கள் என்ற ஸூஃபி குழுக்களின் வழியாக. காதிரிய்யா, ரிபாஇய்யா, ஷாதுலிய்யா என்று ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒரு ஷெய்குவின் கையைப் பிடித்திருக்கும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) கடல் கடந்து வந்து அறூஸிய்யா வழியை இங்கே வேரூன்ற வைத்தவர். லட்சத்தீவின் ஆந்த்ரோத்துத் தீவிலிருந்து தங்கள்மார் வருவார்கள். முரீதுகளின், அதாவது சீடர்களின், வீட்டில் தங்கி, ஓதி, துஆ செய்துவிட்டுப் போவார்கள். ரபீஉல் அவ்வல் பிறந்தால் பன்னிரண்டு நாளும் ஸுப்ஹான மவ்லூது. அடுத்த மாதம் முஹ்யித்தீன் ஆண்டவர் பேரில் கந்தூரி. ஓதி முடிந்ததும் நார்சா என்ற உணவைப் பங்கிடுவார்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளிக்கு வந்ததே அந்த நார்சாவுக்காக என்றால் எந்தப் பெரியவரும் மறுக்கமாட்டார்.

வெட்டுக்குத்து ராத்தீபு என்று ஒன்று உண்டு. ரிபாஇய்யா வழிப் பக்கீர் பாவாமார் வட்டமாக உட்கார்ந்து றபான் பறையைத் தட்டத் தொடங்குவார்கள். பைத்து மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். ஒரு கட்டத்தில் ஒருவர் எழுந்து நடுவே வருவார். கையில் கூரான இரும்புக் கம்பி. தலைப்பகுதி கனத்த குமிழ், அதைச் சுற்றிச் சலங்கைபோல் தொங்கும் சிறு சங்கிலிகள். அதைச் சுழற்றிச் சுழற்றித் தன் கன்னத்திலோ தோளிலோ தலையிலோ குத்திக்கொள்வார். கலீபா அருகில் நின்று ஓதித் தடவிவிடுவார். பார்க்க வந்தவர்களில் தமிழ் இந்துக்களும் இருப்பார்கள்; அவர்களுக்கு அலகு குத்துவதும் தீமிதிப்பதும் பழகிய காட்சிதானே. வேண்டுதல் மொழியை இரண்டு பேரும் ஒரே மண்ணிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். தாய்வழிக் குடி முறையும், மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கட்டிவைப்பதும்கூட இந்தக் கரையில் இரு சமூகத்துக்கும் பொது.

கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளி இருக்கிறது. அங்கே அடங்கியிருப்பவர் யாரும் இல்லை. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்த இடம் அது. நாகூரில் கொடியேறும் மாதத்தில் இங்கேயும் ஏறும், பன்னிரண்டு நாள் நடக்கும். மீன்பிடிக்கப் போகிறவர், பிள்ளை வரம் கேட்கிறவர், பரீட்சை எழுதப்போகிற பையனின் தாய் என்று எல்லோரும் வருவார்கள்.

இதையெல்லாம் சொல்லி அன்று ஒரு பொற்காலம் இருந்ததென்று எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. காணிச் சண்டையும் இனச் சண்டையும் அப்போதும் இருந்தன. பெரியார்களின் கப்றைச் (அடக்கத்தலத்தை) சுற்றி நடப்பவற்றைக் கண்டித்த ஆலிம்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். ஆனால் கண்டித்தவரும் கண்டிக்கப்பட்டவரும் ஒரே ஸஹனைச் (பெரிய தட்டை) சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

1977க்குப் பிறகு பொருளாதாரக் கதவு திறந்தது. வளைகுடாவுக்கு ஆண்களும் பெண்களும் வேலைக்குப் போனார்கள். மதீனாவில் புலமைப்பரிசிலில் படித்து வந்த இளைஞர்கள், உங்கள் வாப்பா ஓதிய மவ்லூது பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று சொன்னார்கள். தவ்ஹீத், அதாவது கலப்பில்லாத ஓரிறைக் கொள்கை பேசிய தமிழகத்துப் பேச்சாளர்களின் ஒலிநாடாக்கள் கடல் தாண்டி வந்தன. வரதட்சணையை ஒழிக்கச் சொன்னது, தாயத்து வியாபாரத்தைக் கேள்வி கேட்டது, குர்ஆனைத் தமிழில் படிக்கத் தூண்டியது என்று அந்த அலை செய்த நல்லதும் இருக்கிறது. பெரும்பான்மையான தவ்ஹீத்வாதிகள் எந்நாளும் ஆயுதம் தொட்டவர்கள் அல்லர். இதைச் சொல்லாமல் கடந்தால் கதை பொய்யாகிவிடும்.

முதல் பெரிய விரிசல் தவ்ஹீத் அமைப்புகளால் விழவில்லை என்பதும் பலருக்கு மறந்துவிட்டது. காத்தான்குடி அப்துர் றஊப் மௌலவி வஹ்தத்துல் வுஜூதை மேடையில் வெளிப்படையாகப் பேசினார். இறைவனைத் தவிர உள்ளமை வேறில்லை என்ற அந்தக் கொள்கை 13ஆம் நூற்றாண்டு இப்னு அரபியின் பெயரோடு சேர்ந்தது. நம் குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழில் பாடியதும் அதன் பக்கத்து வீட்டுச் சங்கதிதான். ஆனால் 1979இல் உலமா சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, அவரையும் அவரைப் பின்பற்றுகிறவர்களையும் முர்தத், அதாவது இஸ்லாத்தை விட்டு வெளியேறியவர்கள் என்று பத்வா கொடுத்தது. வெறும் வசைச்சொல் இல்லை அது. மரபான ஃபிக்ஹ் சட்டப்படி முர்தத்துக்கு நிக்காஹ் நிலைக்காது, அவர் அறுத்த இறைச்சி கூடாது, ஜனாஸாவை மையவாடியில் அடக்க முடியாது. ஒரே தெருவில் வாழ்கிறவர்களுக்கு நடுவே இப்படி ஒரு கோடு விழுந்தால் பெண் எடுப்பதும் கொடுப்பதும் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு போர். 1990 ஆகஸ்ட் 3 இரவு, தொழுதுகொண்டிருந்தவர்கள்மீது மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. குண்டு துளைத்த சுவரை ஊர் இன்னும் பூசவில்லை. சுற்றிலும் பகை என்று ஆனபோது ஊர் தனக்குள் ஒடுங்கியது. வெளியே போக முடியாத ஊரில் உள்ளே இருக்கும் சண்டை பெரிதாகும். தூய முஸ்லிம் யார் என்ற கேள்விக்கு அப்போதுதான் இப்படி ஒரு கூர்மை வந்தது என்பது என் கணிப்பு.

மருதமுனையில் பிறந்து காத்தான்குடியில் தியான நிலையம் நடத்தியவர் பயில்வான் என்று அழைக்கப்பட்ட அப்துல்லா. அவருடைய தரீக்கத்துல் முஃப்லிஹீன் மீதும் முன்பே பத்வா இருந்தது. 2004இல் அவருடைய ஆட்கள் தாக்கப்பட்டார்கள். 2006 டிசம்பரில் அவர் இறந்து அந்த நிலையத்திலேயே அடக்கம் செய்யப்பட்டபோது ஊர் கொதித்தது. முர்தத்தின் உடல் இந்த மண்ணில் இருக்கக்கூடாது என்று கூட்டம் திரண்டது. வீடுகள் எரிந்தன, கட்டடம் இடிக்கப்பட்டது, உடல் தோண்டியெடுக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் எந்த இயக்கத்திலும் இல்லாத சாதாரண ஊர்மக்கள். இதற்காகப் பெரிதாக யாரும் தண்டிக்கப்பட்டதாக ஊர் நினைவில் இல்லை. நாட்டுக்கும் அப்போது வேறு போர் இருந்தது.

இந்தச் சூழலில்தான் ஸஹ்ரான் வளர்ந்தார். ஊர் அரபுக் கல்லூரியில் படித்தபோது ஆசிரியர்களின் விளக்கத்தை ஏற்காமல் முரண்பட்டு வெளியேற்றப்பட்டார். ஒரு தவ்ஹீத் பள்ளியில் சேர்ந்து, அங்கும் ஒத்துப்போகாமல் போய், கடைசியில் தனக்கென்று தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தைத் தொடங்கினார். அவருடைய பேச்சுக்கு முதல் இலக்கு றஊப் மௌலவியின் பத்ரிய்யாப் பள்ளிக்காரர்கள். ஏற்கனவே உலமா சபையே விலக்கிவைத்த கூட்டம் அது. அவர்களைத் திட்டினால் தட்டிக்கேட்க ஆளில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பழகிப்போனார்கள்.

அலியார் சந்தி மோதலுக்குப் பின் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. ஸஹ்ரான் தலைமறைவானார். சொந்த அமைப்பே அவரை விலக்கியது. முகநூலில் மட்டும் பேச்சு தொடர்ந்தது. இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் ஹில்மி அஹமத் தாக்குதலுக்கு மூன்று வருடம் முன்பே உளவுத்துறைக்கு எச்சரித்ததாகப் பிற்பாடு ஊடகங்களில் சொன்னார். 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஸஹ்ரான் கூட்டத்தின் வெடிபொருள்கள் பிடிபட்டபோது பொலிஸுக்கு உதவியவர் மாவனெல்லையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம். மார்ச் மாதம் அவரை வீட்டில் தூங்கும்போது சுட்டார்கள். உயிர் தப்பினார், உடலின் ஒரு பகுதி செயலிழந்தது.

ஏப்ரல் 21 பற்றி மீண்டும் எழுத வேண்டியதில்லை. மூன்று தேவாலயம், மூன்று ஹோட்டல், 260க்கு மேற்பட்ட உயிர்கள். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் வெடித்தவன் காத்தான்குடிக்காரன். அங்கே இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள்.

ஐந்து நாள் கழித்து சாய்ந்தமருதில் நடந்தது அவ்வளவு பேசப்படவில்லை. வாடகைக்கு வந்த புதுக்குடும்பத்தின்மேல் அக்கம்பக்கத்து முஸ்லிம்களுக்குச் சந்தேகம். நேரில் போய்க் கேட்டார்கள், தகவல் கொடுத்தார்கள். பாதுகாப்புப் படை சுற்றிவளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் வெடித்துச் செத்தார்கள்; ஸஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் அதில் அடக்கம். அந்தத் தெருக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொரு ஞாயிறு வந்திருக்கலாம்.

குண்டுதாரிகளின் உடலைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. சியோன் குண்டுதாரியின் எச்சங்களை அந்த ஆகஸ்டில் அதிகாரிகள் கள்ளியங்காட்டு இந்து மயானத்தில் புதைத்தார்கள், மக்கள் எதிர்த்தார்கள், நீதிமன்ற உத்தரவில் தோண்டியெடுக்கப்பட்டது. 2006ஐயும் இதையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். பயில்வான் யாரையும் கொல்லவில்லை. ஆனால் மையவாடி வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லும் அதே அதிகாரத்தை 2020இல் அரசு கையிலெடுத்தபோது, கோவிட்டில் இறந்த முஸ்லிம்களைக் கட்டாயமாக எரித்தபோது, ஸூஃபி வீட்டிலும் தவ்ஹீத் வீட்டிலும் ஒரே ஓலம்தான் கேட்டது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கத்துக்கு இடம் கிடைக்கும்வரை அது ஓயவில்லை.

இன்றைய காத்தான்குடியில் பெயர்ப்பலகைகளில் அரபெழுத்துக் குறைந்திருக்கிறது. 2021 ஏப்ரலில் அரசு பதினொரு அமைப்புகளைத் தடைசெய்தது. வன்முறையோடு தொடர்பில்லாத தவ்ஹீத் அமைப்புகளும் அந்தப் பட்டியலில் சிக்கின. 2023இல் சிலவற்றின் தடை நீக்கப்பட்டது. மவ்லூது ஓதுகிற குரல் முன்பைவிடத் தயக்கமில்லாமல் ஒலிபெருக்கியில் கேட்கிறது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் ஸூஃபிகளை ‘நல்ல முஸ்லிம்’ என்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இந்தப் பட்டத்தால் யாருக்கும் நிம்மதி கிடைத்ததாகத் தெரியவில்லை. தவ்ஹீத்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது சந்தேகப் பார்வையைக் கொடுக்கிறது. ஸூஃபி வீட்டுப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்தவன் என்ற பேரை.

அதோடு அந்தப் பட்டம் கவசமும் அல்ல. பலாங்கொடைக்குப் பக்கத்தில் கூரகலை மலையில் தஃப்தர் ஜெய்லானி இருக்கிறது. முஹ்யித்தீன் ஆண்டகை தவமிருந்த குகை என்று நம்பி நூறு வருடத்துக்கு மேலாக யாத்திரை போகிற இடம். நாடெங்குமிருந்து பாவாமார் கூடி ராத்தீபு நடத்துவது அங்கேதான். அது பழைய பௌத்த மடாலயம் என்று சிங்கள பௌத்த அமைப்புகள் 2013 வாக்கில் போராட்டம் தொடங்கின. சில கட்டடங்கள் அகற்றப்பட்டன. 2022இல் அரச வெசாக் விழாவுக்கு அதே கூரகலையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ரபீஉல் ஆகிர் மாதக் கொடியேற்றத்துக்குப் போகிறவர்கள் இப்போதும் போகிறார்கள். தவ்ஹீத்காரர் இல்லை, ஸூஃபி என்று அவர்கள் எந்த அலுவலகத்தில் எடுத்துச் சொன்னாலும், கோப்பில் பதிவது முஸ்லிம் என்ற ஒரு சொல்தான்.