மனநல வார்டில் மாணவச் செவிலியரின் திறனை அளப்பது எப்படி?

மனநலச் செவிலியத்தில் மாணவர்களின் திறன் பெரும்பாலும் பேச்சிலும் கவனிப்பிலும்தான் வெளிப்படுகிறது. சிறுநீர்க் குழாய் பொருத்துவதைப் படிப்படியாகச் சரிபார்த்து மதிப்பெண் போடலாம். சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று சாப்பிட மறுக்கும் நோயாளியை ஒரு மாணவி கையாண்ட விதத்தை அப்படி அளக்க முடியாது. அதனால் இங்கே ஒரே தேர்வை நம்பாமல் பல முறைகளைச் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வதென்று அறிந்திருப்பது, செய்து காட்டுவது, பணியில் செய்வது. எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். லித்தியம் உட்கொள்பவருக்கு வாந்தியும் கடும் கைநடுக்கமும் வந்தால் மருந்து நச்சாகியிருக்கலாம் என்று விடைத்தாளில் எழுதுபவர், வார்டில் அதைக் கண்டதும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் மருத்துவருக்குத் தகவல் சொல்வாரா என்பது விடைத்தாளில் தெரியாது.

மூன்றாம் படிக்கு உதவுவது ‘ஆஸ்கி’ தேர்வு. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் உருவாக்கிய இம்முறை 1975இல் வெளியானது. மாணவர்கள் வரிசையாக ஒவ்வொரு நிலையத்துக்கும் சென்று, குறித்த நிமிடங்களுக்குள் ஒரு பணியைச் செய்ய வேண்டும். ஒரு நிலையத்தில், பயிற்சி பெற்ற நடிகர் தலைகுனிந்தபடி, “இனி இருந்து என்ன ஆகப்போகுது” என்கிறார். “அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று அதட்டினால் மதிப்பெண் குறையும். தற்கொலை எண்ணம் உண்டா, அதற்குத் திட்டம் வைத்திருக்கிறாரா, ஏற்கெனவே முயன்றதுண்டா என்று பதறாமல் நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது என்பதும் பாடத்தின் பகுதியே.

நான்காம் படியை வார்டுப் பயிற்சியில்தான் பார்க்க முடியும். நோயாளியோடு நடந்த உரையாடலை மாணவர் வார்த்தை மாறாமல் எழுதி, தாம் எந்த உத்தியைக் கையாண்டார், எங்கே தவறினார் என்று பக்கத்திலேயே குறிக்கிறார். மனநிலைப் பரிசோதனைக் குறிப்பும் பராமரிப்புத் திட்டமும் இதோடு சேரும். சட்ட அறிவும் திறனில் அடங்கும். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. தண்டனையாகக் கட்டிவைப்பதையும் அது அனுமதிப்பதில்லை.

எல்லா முறைகளுக்கும் பொதுவான சிக்கல், மதிப்பிடுபவருக்கு மதிப்பிடுபவர் மதிப்பெண் மாறுவது. “அன்பாகப் பழகினார்” என்ற குறிப்பை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்ளலாம். “நோயாளி பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை” என்பதில் குழப்பமில்லை. ஆனால் இப்படிப்பட்ட சரிபார்ப்புப் பட்டியல் மட்டும் இருந்தால், கேள்விகளை ஒப்பிப்பவரும் தேறிவிடுவார். எனவே பட்டியலோடு ஒட்டுமொத்த மதிப்பீட்டையும் சேர்ப்பது, வெவ்வேறு ஆசிரியர்கள் வெவ்வேறு நாட்களில் பார்ப்பது, குறைகளை உடனே சொல்லித் திருத்துவது ஆகியவை முடிவை நம்பத்தக்கதாக்குகின்றன.