விளக்கடியில் ஒரு நாவல்

நெய்வேலியில் பூமியைத் தோண்டினால் பழுப்பு நிலக்கரி கிடைக்கும் என்பது நேயர்கள் அறிந்த விஷயம். 1998-ல் அங்கே புத்தகக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து நாவல்களும் மலிந்துவிட்டன!

வாங்கி வந்தவை கட்டிலருகே குவிந்து கிடக்கின்றனவா? எதை முதலில் பிரிப்பது என்று திகைக்க வேண்டாம். 2020-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்' சற்றுப் பொறுக்கட்டும். கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி'யை மேலே எடுத்து வையுங்கள். சுரங்கத்துக்காக ஊரையும் நிலத்தையும் விட்டுப் பெயர்ந்த குடியானவர்களின் கதை அது. நிலத்துக்கு விலை போட்டுவிடலாம். வேற்றூரில் 'வந்தவர்கள்' என்ற பெயரோடு வாழ்வதற்கு என்ன விலை? அதைச் சொல்ல நாவல்தான் வேண்டியிருக்கிறது.

இரவில் படிக்க விளக்கைப் போடுவீர்கள் அல்லவா? அந்த வெளிச்சமே அவர்கள் விட்டுவந்த மண்ணுக்கடியிலிருந்து வந்ததாக இருக்கலாம்!