எலிக்காய்ச்சலின் புவியியல்

நோய் பேதம் பாராது எவரையும் தீண்டும் என்று கருதுவோர் உளர். எலிக்காய்ச்சல் பரவும் இடங்களை வரைபடத்திற் குறித்துப் பார்ப்போர்க்கு இக்கருத்தின் போலித்தன்மை புலனாகும்.

எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் வழியே நீரையும் சேற்றையும் அடையும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர், தோற்காயத்தினூடாக உடலுட் புகுகின்றது. பிரேசிலின் சால்வடோர் நகரச் சேரியொன்றில் நிகழ்த்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வு, திறந்த கழிவுக் கால்வாய்க்கு அணித்தான, வெள்ளம் தேங்கும் தாழ்நிலங்களில் வாழ்வோரிடையே தொற்று மிகுந்திருந்தமையைக் காட்டிற்று. அச்சேரியினுள்ளேயும் வருமானம் குறையக் குறைய ஆபத்துக் கூடிற்று.

இலங்கையில் இந்நோயின் முதன்மைக் களம் வயலாகும். 2008இல் இங்கு 7000க்கு மேற்பட்டோர் நோயுற்றதாக ஐயுறப்பட்டது. விதைப்பும் அறுவடையும் நிகழும் பருவங்களையொட்டியே நோய் உச்சமடைகின்றது. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே வயல் சூழ்ந்த மாவடிப்பள்ளியில் மாரி வெள்ளம் வீதியையும் மூடுவதுண்டு. அத்தகைய நிலத்திற் சேற்றில் இறங்கும் கால் எவருடையதோ, ஆபத்தும் அவருடையதே. வரம்பில் நின்று விளைச்சலைக் கணக்கிடும் போடியாரை அது அணுகுதல் அரிது.

முற்காப்பாக வழங்கப்படும் டொக்சிசைக்கிளின் மாத்திரை வேண்டியதே. ஆயினும் வடிகாலும் காலணியும், நாட்கூலியை இழக்காது வைத்தியசாலை செல்லும் வாய்ப்பும் உழைப்பாளிக்குக் கிட்டாதவரை, நோயின் வரைபடம் வர்க்கத்தின் வரைபடமாகவே இருக்கும்.