பனிக்கட்டிக்கு அடியில் ஒரு பசும்வயல்

வயல் என்றதும் நம் நினைவில் எழுவது காவிரிக்கரையின் நெற்பயிரே. உறைந்து கிடக்கும் துருவக் கடலிலும் ஒரு வயல் உண்டு.

கடல்நீர் உறையும்போது உப்பு பனிக்கட்டியோடு இணைவதில்லை. நுண்ணிய குழாய்களில் அடர்ந்த உப்புநீராகத் தேங்குகிறது. அந்நீரிலும் பனியின் அடிப்பரப்பிலும் 'டயட்டம்' எனப்படும் நுண்பாசிகள் மங்கிய ஒளியைக் கொண்டே உணவு ஆக்கி வாழ்கின்றன. இவற்றைச் சிற்றுயிர்களும், அவற்றை மீன்களும், மீன்களைச் சீல்களும், சீல்களைத் துருவக் கரடிகளும் உண்கின்றன.

பனியின் கீழுள்ள நீரில் ஒளி போதாமையால் பாசி பெருகாது என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். நம் வளைகுடாப் பகுதியிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் அரிகோவின் தலைமையில், நாசாவின் ஆதரவோடு 'ஹீலி' என்னும் கப்பலில் சென்ற குழு, 2011 ஜூலையில் அக்கருத்தை மாற்றியது. அலாஸ்காவை ஒட்டிய சுக்சிக் கடலில், ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிப்புள்ள பனியின் கீழ், 100 கிலோமீட்டருக்கும் மேலாகப் பாசி செழித்திருந்தது! பனியின்மேல் உருகித் தேங்கிய குட்டைகள் பலகணிகளைப் போல் ஒளியை உட்செலுத்தியதே காரணம். 2012இல் 'சயன்ஸ்' இதழ் இதனை வெளியிட்டது.

வியப்போடு கவலையும் பிறக்கிறது. புவி வெப்பத்தால் பனி மெலிந்து முன்னதாக உருகினால், பாசியும் முன்னதாகவே பெருகிவிடும். வழக்கமான பருவத்தை நம்பி வரும் உயிர்கள் உணவின்றி வாடக்கூடும். பருவம் தவறினால் நேரும் துன்பத்தை உழவர் மரபில் வந்த நாம் நன்கறிவோம்.

இளஞ்செல்வங்களே! நாளை அக்கப்பலில் ஏறி ஆராயப்போகிறவர் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.